திறந்த கோப்பு, திரிந்த படம்

காளிகாட் காளி கோயிலின் இன்றைய கட்டடம் 1809இல் எழுந்தது. அந்த நூற்றாண்டு முழுவதும் கோயிலைச் சுற்றிய சந்துகளில் பட்டுவா ஓவியர்கள் கடை போட்டிருந்தார்கள். மேதினிப்பூர், 24 பர்கானா கிராமங்களில் சுருள்படத்தை விரித்துக் காட்டிப் பாட்டுப் பாடிப் பிழைத்த குடும்பங்கள் அவர்களுடையவை. நகரத்துக்கு வந்ததும் சுருளை விட்டுவிட்டு, மலிவான ஆலைக் காகிதத்தில் ஒற்றைப் படங்களை நீர்வண்ணத்தில் வேகமாகத் தீட்டி யாத்திரிகர்களுக்கு விற்றார்கள். காளியும் சிவனும் மட்டுமல்லாமல் இறால் கவ்விய பூனையும், பகட்டு பாபுவும், 1873இல் வங்கத்தையே உலுக்கிய தாரகேஸ்வர் மகந்த், எலோகேசி வழக்கும் அந்தத் தாள்களில் வந்தன. ஜெர்மனியில் அச்சான வண்ணப்படங்கள் அதைவிட மலிவாகச் சந்தைக்கு வந்தபின், 1930 வாக்கில் அந்தத் தொழில் அடங்கிப்போனது.

இப்படங்களின் மிகப் பெரிய தொகுப்பு காளிகாட்டில் இல்லை. லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் 645 இருக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி, ருட்யார்ட் கிப்ளிங் தம் தந்தை ஜான் லாக்வுட் கிப்ளிங்கின் சேகரிப்பிலிருந்து 1917இல் கொடுத்தது. கொல்கத்தாவில் விக்டோரியா மெமோரியல், இந்தியன் மியூசியம், ஜோகாவில் உள்ள குருசதய் மியூசியம் ஆகியவற்றில் மற்றவை சிதறிக் கிடக்கின்றன. 2011, 2012இல் லண்டன் படங்கள் விக்டோரியா மெமோரியலின் படங்களோடு சேர்ந்து இந்திய நகரங்களில் காட்சிக்கு வந்தன. அப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி வாய்ப்பதில்லை. அந்தப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட விரும்பும் ஆய்வாளரோ மாணவரோ பதிப்பாளரோ கணினித் திரையில்தான் ஒப்பிட்டாக வேண்டும். ஆகவே ஒரு நிறுவனத்தின் மென்பொருள் எழுதிய படக்கோப்பு இன்னொருவரின் மென்பொருளில் எப்படித் திறக்கிறது என்பது, இங்கே கலை வரலாற்றுக் கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

படக்கோப்புப் பொருத்தமின்மை பற்றிப் பேசும்போது எல்லோரும் ‘கோப்பு திறக்கவில்லை’ என்ற புகாரில் தொடங்கி, அது திறந்ததும் முடித்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. திறக்காத கோப்பு தன் கோளாறைத் தானே சொல்லிவிடுகிறது. யாரோ ஒருவர் கவனித்து வழி தேடுவார். திறந்து, ஆனால் வேறு படத்தைக் காட்டும் கோப்பு எதையும் சொல்வதில்லை. நிறம் மாறிய அந்தப் படம் புத்தகத்தில் அச்சாகி, அடுத்த புத்தகம் அதைப் பிரதி எடுத்து, மாறிய நிறமே மூலம் என்று ஆகிவிடுகிறது. பொருத்தத்துக்கான சோதனை ‘திறந்ததா’ என்பதில் நின்றுவிடக் கூடாது. ‘அனுப்பியவர் பார்த்ததையே நான் பார்க்கிறேனா’ என்றுதான் கேட்க வேண்டும்.

சத்தமிடும் கோளாறுகள்

முதலில் எளியவை. இந்திய டிடிபி கடைகளில் 2002இல் வந்த ஃபோட்டோஷாப் 7 பல ஆண்டுகள் உழைத்தது. இன்றும் சில மேசைகளில் அதைக் காணலாம். இணையத்திலிருந்து இறக்கிய படத்தை அதில் இழுத்துப்போட்டால், தெரியாத அல்லது செல்லாத ஜேபெக் குறி இருப்பதாக ஒரு செய்தி வந்து நின்றுவிடும். பெரும்பாலும் கோப்பில் எந்தச் சேதமும் இருக்காது. அது கூகுள் 2010இல் வெளியிட்ட வெப்பி வடிவக் கோப்பு. யாரோ பெயரின் கடைசியில் ஜேபிஜி என்று மாற்றி எழுதியிருப்பார்கள். பெயரை மாற்றினால் வடிவம் மாறிவிடும் என்பது நம் அலுவலகங்களில் ஆழமாக வேரூன்றிய நம்பிக்கை. விண்டோஸ் பின்னொட்டை இயல்பாகவே மறைத்துவைப்பதும் அதற்குத் துணைபோகிறது. ஃபோட்டோஷாப்பே வெப்பியைச் செருகுநிரல் இல்லாமல் திறக்கத் தொடங்கியது 2022இல்தான்.

கோப்பின் உண்மையான அடையாளம் அதன் முதல் சில பைட்டுகளில் இருக்கிறது. ஜேபெக் கோப்பு பதினறும எண்ணில் எஃப்எஃப் டி8 என்று தொடங்கும். விண்டோஸ் பிஎம்பி, பிஎம் என்ற இரண்டு எழுத்துகளில் தொடங்கும். ஃபோட்டோஷாப்பின் சொந்த வடிவத்துக்கு 8பிபிஎஸ். பிஎன்ஜி வடிவத்தின் எட்டு பைட்டுகள் தனியாகச் சொல்லத் தகுந்தவை. அவற்றில் முதலாவது, ஏழு பிட் வழியாகக் கோப்பு போனால் கெட்டுப்போகும்படி தேர்ந்தெடுத்தது. நடுவே பிஎன்ஜி என்ற பெயர். பிறகு வரி முடிவைக் குறிக்கும் பைட்டுகள் இரண்டு வகையிலும் வருகின்றன: கோப்பை எழுத்தாவணமாக நினைத்து ஏதாவது ஒரு மென்பொருள் வரி முடிவுகளை மாற்றினால் அங்கேயே அகப்பட்டுக்கொள்ளும். பழைய எஃப்டிபி பரிமாற்றத்தில் எழுத்து முறை, இருமமுறை என்று இரண்டு இருந்த காலத்தில் தவறான முறையில் அனுப்பிச் சிதைந்த படங்கள் ஏராளம். பிஎன்ஜியை வடிவமைத்தவர்கள் அந்தச் சிதைவை முன்கூட்டியே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்.

பிஎன்ஜி பிறந்ததே வழக்கு வருமோ என்ற அச்சத்தால். காம்புசர்வ் 1987இல் வெளியிட்ட ஜிஃப் வடிவம், எல்இசட்டபிள்யூ என்ற சுருக்கமுறையைப் பயன்படுத்தியது. அதன் காப்புரிமை யுனிசிஸ் நிறுவனத்திடம் இருந்தது. 1994 கடைசியில் உரிமக் கட்டணம் கேட்கப் போவதாக அறிவிப்பு வந்தது. சில மாதங்களிலேயே இணையத்தில் திரண்ட நிரலாளர்கள் மாற்று வடிவத்தை வரைந்தார்கள். 1996இல் அதன் வரையறை வந்தது. அந்தக் காப்புரிமை அமெரிக்காவில் 2003 ஜூனில் காலாவதியானது. ஒரு கோப்பு ஏன் ஒரு மென்பொருளில் திறக்கவில்லை என்று தேடிக்கொண்டு போனால், தொழில்நுட்பம் மட்டுமே அதைத் தடுப்பதாக இருக்காது. பல நேரம் அங்கே வழக்கறிஞர்களும் நிற்பார்கள். ஆப்பிள் 2017இல் ஐஓஎஸ் 11 உடன் ஐஃபோனில் புகுத்திய ஹெய்க் வடிவமும் அப்படித்தான். உள்ளே இருக்கும் ஹெச்இவிசி சுருக்கமுறைக்குப் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் உள்ளன. அதனால்தான் விண்டோஸில் அதைத் திறக்கத் தனி இணைப்பு தேவைப்படுகிறது. துர்கா பூஜை சமயத்தில் ஐஃபோனில் எடுத்த படத்தை ஃபிளெக்ஸ் கடைக்குக் கொண்டுபோகும் சங்கத்துக்காரர் அங்கே வெள்ளை ஐகானைப் பார்த்து நிற்பதற்குக் காரணம் அந்த உரிமம்தான்.

டிஃப் வடிவத்துக்கு இன்னும் கொஞ்சம் இடம் தர வேண்டும். ஆவணக் காப்பகங்கள் பலவும் அதை நம்பியிருக்கின்றன. ஆல்டஸ் நிறுவனம் 1986இல் ஸ்கேனர்களுக்காக உருவாக்கியது. 1992 ஜூனில் வந்த ஆறாம் பதிப்பே இன்றுவரை அடிப்படை. 1994இல் ஆல்டஸை அடோபி வாங்கியபோது இதுவும் கைமாறியது. டிஃப் ஒரு பாத்திரம். உள்ளே என்ன சமைத்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இன்டெல் வரிசையில் எழுதியிருந்தால் ஐஐ என்றும், மோட்டரோலா வரிசையில் எழுதியிருந்தால் எம்எம் என்றும் தொடங்கும். மேக் கணினியில் எழுதிய டிஃப் பழைய விண்டோஸ் நிரலில் திறக்காமல் போனதற்கு இது ஒரு காரணம். சுருக்கமில்லாமல் இருக்கலாம், எல்இசட்டபிள்யூ இருக்கலாம், ஃபேக்ஸ் இயந்திரத்தின் குரூப் 4 இருக்கலாம், ஜேபெக்கே உள்ளே உட்கார்ந்திருக்கலாம். ஆறாம் பதிப்பு சொன்ன ஜேபெக் முறை குறைபாடுள்ளதாக இருந்ததால் 1995இல் வேறொரு முறை வந்தது. பழைய முறையில் எழுதிய கோப்புகளைப் பல நிரல்கள் இன்றும் ஏற்பதில்லை. ஃபோட்டோஷாப் தன் பங்குக்கு ஜிப் சுருக்கத்தையும் அடுக்குகளையும் டிஃப்புக்குள் வைக்கத் தொடங்கியது. ஆக, ‘டிஃப்பாகக் கொடுங்கள்’ என்று கேட்பது பாதிக் கேள்விதான்.

இதன் பெரிய இந்திய உதாரணம் டிஜிட்டல் லைப்ரரி ஆஃப் இந்தியா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் சேர்ந்து நடத்திய இத்திட்டத்தை 2003 செப்டம்பரில் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் தொடங்கிவைத்தார். கொல்கத்தா சி-டாக் மையம் ஸ்கேன் செய்த வங்காள நூல்களும், எண்ணற்ற தமிழ் நூல்களும் அதில் இருந்தன. ஒவ்வொரு பக்கமும் தனித்தனி டிஃப் கோப்பு. சேமிப்புக்கு அது நல்ல முடிவு. ஆனால் பெரும்பாலான உலாவிகள் டிஃப் படத்தைக் காட்டுவதில்லை. வாசகர் ஒரு செருகுநிரலை நிறுவிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. 2015 செப்டம்பரில் குரோம் உலாவி அந்த வகைச் செருகுநிரல்களையே கைவிட்டது. கோப்பில் ஒரு பிட்கூட மாறவில்லை. அதைப் படிக்கும் வழிதான் அடைபட்டது. பின்னர் அந்தத் தளமும் இல்லாமல் போய், நூல்களில் பெரும்பகுதி இன்டர்நெட் ஆர்க்கைவில் வேறு வடிவங்களில் வாழ்கிறது. பாதுகாக்கும் கோப்பு ஒன்றாகவும் வாசகருக்குக் காட்டும் கோப்பு வேறாகவும் இருக்க வேண்டும் என்பதை நாம் இந்த அனுபவத்தில்தான் கற்றோம்.

அளவும் ஒரு தடை. காளிகாட் தாள் ஏறத்தாழ 17 அங்குல உயரம், 11 அங்குல அகலம். அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், நிறத்துக்கு 16 பிட் வீதம் வருடினால் சுருக்கமில்லாமல் சுமார் 400 எம்பி வரும். இதை எந்த நிரலும் சமாளிக்கும். பட்டுவாக்களின் பூர்வீகச் சுருள்படத்தை எடுத்தால் கதை மாறுகிறது. மூன்று மீட்டர் நீளமும் அரை மீட்டருக்குச் சற்று அதிக அகலமும் உள்ள சுருளை அதே தரத்தில் வருடினால் நீளவாக்கில் 70,000 பிக்சலைத் தாண்டும். ஜேபெக் ஒரு பக்கத்துக்கு 65,535 பிக்சலோடு நின்றுவிடும். வெப்பிக்கு 16,383. ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி 30,000. அதற்குமேல் பிஎஸ்பி வேண்டும். டிஃப்பின் உள்முகவரிகள் 32 பிட் என்பதால் 4 ஜிபிக்கு மேல் போக முடியாது. இந்தச் சுருள் 5 ஜிபியைத் தாண்டும். பிக்டிஃப் என்ற விரிவாக்கம் இதற்காகவே வந்தது, ஆனால் எல்லா நிரலும் அதை அறியாது. குருசதய் தத்தர் கிராமம் கிராமமாகச் சேகரித்த சுருள்களைப் போன்றவற்றை டிஜிட்டலாக்கும் எவரும் இந்தச் சுவரில் முட்டாமல் இருக்க முடியாது.

பேசாத கோளாறுகள்

காளிகாட் ஓவியத்தின் உயிர் அதன் கோட்டில் இருக்கிறது. வெறும் காகிதம் பின்னணி. அதன்மேல் விளக்குக் கரியின் கறுப்பில் ஒரே வீச்சில் வளைந்த கோடு. கோட்டை ஒட்டி அடர்ந்து உள்ளே போகப்போக மெலியும் வண்ணப்பூச்சு. ஆடையிலும் நகையிலும் வெள்ளீயத்தின் வெள்ளிப் பளபளப்பு. இந்த ஒவ்வொன்றையும் ஒரு கோப்புக் கோளாறு தனித்தனியே குறிவைக்கிறது.

ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் அலைகளின் கூட்டாக எழுதி, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணலைகளைக் குறைக்கிறது. இந்தக் கணக்குமுறையை 1974 ஜனவரியில் வெளியிட்ட மூவரும் இந்தியாவில் பிறந்தவர்கள்: பெங்களூருக்காரரான நசீர் அகமது, அவருடைய மாணவர் டி. நடராஜன், சென்னைப் பல்கலைக்கழகப் பொறியியல் பட்டதாரியான கே. ஆர். ராவ். இதற்காக அகமது அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டும் கிடைக்காமல் போனது. இன்று உலகத்தில் ஒரு நாளில் பகிரப்படும் படங்களில் பெரும்பகுதியின் அடியில் அந்தக் கணக்கு ஓடுகிறது என்பதை நம் பாடப்புத்தகங்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அந்த முறை மேகத்துக்கும் முகத்துக்கும் அற்புதமாகப் பொருந்துகிறது. வெறும் காகிதத்தில் சட்டென்று எழும் கறுங்கோட்டுக்குப் பொருந்துவதில்லை. கோட்டின் இருபுறமும் கொசு மொய்த்ததுபோன்ற சாம்பல் புள்ளிகள் தோன்றுகின்றன. ஒவ்வொரு முறை திறந்து மறுபடி ஜேபெக்காகச் சேமிக்கும்போதும் அவை கூடுகின்றன. இதோடு பல நிரல்கள் நிறத்தகவலை மட்டும் நீளத்திலும் அகலத்திலும் பாதியாக்கிச் சேமிக்கின்றன. சிவப்புச் சேலையின் ஓரம் வெளியே கசிந்தாற்போலத் தெரியும். இதைப் பார்த்துவிட்டு ஓவியர் கை நடுங்கியது என்றோ, நீர்வண்ணம் காகிதத்தில் பரவியது என்றோ எழுதினால், அது ஜேபெக்கின் விமர்சனமாகிவிடும்.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். கோப்பில் இருப்பவை எண்கள் மட்டுமே. அந்த எண் எந்தச் சிவப்பைக் குறிக்கிறது என்பதைக் கலர் புரொஃபைல் சொல்கிறது. 1993இல் தொடங்கிய ஐசிசி கூட்டமைப்பு இதற்குப் பொதுவிதி வகுத்தது. 1996இல் ஹெச்பியும் மைக்ரோசாஃப்டும் எஸ்ஆர்ஜிபி என்ற வெளியை முன்வைத்தன. 1998இல் அடோபி அதைவிட விரிந்த தன் வெளியை வெளியிட்டது. அருங்காட்சியகம் அடோபி ஆர்ஜிபியில் எடுத்த படத்திலிருந்து ஏதோ ஒரு நிரல் புரொஃபைலைக் கழற்றிவிட்டால், அடுத்த நிரல் அதை எஸ்ஆர்ஜிபி என்று எண்ணிக்கொள்ளும். படம் சோகை பிடித்ததுபோல வெளுக்கும். எதிர்த்திசையில் நடந்தால் கண்ணைக் குத்தும். லண்டன் சிவப்பும் கொல்கத்தாச் சிவப்பும் வேறு வேறு பட்டறைகளின் சாயமா என்று ஆராய்பவர், அதற்கு முன்னால் இரண்டு கோப்பிலும் புரொஃபைல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

இங்கே ஒரு தவறு எல்லா இடத்திலும் நடக்கிறது. ஃபோட்டோஷாப்பில் புரொஃபைலை ‘அசைன்’ செய்வது வேறு, ‘கன்வெர்ட்’ செய்வது வேறு. முதலாவது எண்களை அப்படியே விட்டு அவற்றின் பொருளை மாற்றுகிறது. இரண்டாவது, தோற்றம் மாறாதிருக்க எண்களை மாற்றுகிறது. புரொஃபைல் தொலைந்த கோப்புக்கு அசைன். புரொஃபைல் உள்ள கோப்பை இணையத்துக்கோ அச்சுக்கோ அனுப்பும்போது கன்வெர்ட். இரண்டையும் மாற்றிச் செய்துவிட்டுச் சேமித்தால், பிறகு எந்த நிரலும் அதைக் கோளாறு என்று காட்டாது.

அச்சகத்துக்குப் போகும் சிஎம்ஒய்கே படங்களில் விசித்திரமான ஒரு கோளாறு உண்டு. சிஎம்ஒய்கே ஜேபெக்கில் அடோபி எண்களைத் தலைகீழாக எழுதும். அதை அறியாத நிரல் படத்தை நெகட்டிவ் போலக் காட்டும். கறுத்த காளி வெளுத்துப்போவாள். பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் சிஎம்ஒய்கே ஜேபெக்கைக் காட்டவே மறுத்தது. காட்ட மறுத்தது மேல் என்று எனக்குத் தோன்றுகிறது. வெள்ளீயப் பளபளப்போ எந்த வெளியிலும் அடங்காது. அது ஒளியின் கோணத்தைப் பொறுத்து மாறுவது. கோப்பில் வெறும் சாம்பல் நிறமாகவே பதியும். அச்சில் அதைக் கொண்டுவரத் தனி வெள்ளி மை ஓட்ட வேண்டும். இதைக் கோப்புக் கோளாறு என்று நினைத்து நிறத்தைத் திருத்துவது வீண்வேலை.

மெலிந்துகொண்டே போகும் வண்ணப்பூச்சுக்கு எதிரி பிட் ஆழம். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 16 பிட்டில் 65,536. இலவச நிரலான ஜிம்ப், 2018இல் 2.10 பதிப்பு வரும்வரை 16 பிட் படத்தை 8 ஆகக் குறைத்தே திறந்தது. குறைத்த பிறகு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தால், காளியின் தோளில் மெல்ல மங்க வேண்டிய நீலம் படிப்படியாகப் பட்டை கட்டும்.

வெட்டியெடுத்த சாமி படத்தைப் பிஎன்ஜியிலிருந்து ஜேபெக்காக மாற்றினால் பின்னணி கறுப்பாவது இன்னொன்று. ஜேபெக்கில் ஒளிபுகு அடுக்குக்கு இடமில்லை. நிரல் தனக்குத் தோன்றிய நிறத்தை நிரப்பும். படம் சாய்ந்து படுத்துக்கொள்வதும் உண்டு. கேமராவின் எக்ஸிஃப் குறிப்பில் திசைக்கு எட்டு மதிப்புகள் இருக்கின்றன. சில நிரல்கள் அதை மதிக்கும், சில மதிக்காது. ஓவியங்களை மேசையில் கிடத்தி மேலிருந்து படமெடுக்கும்போது கேமரா நேரே தரையைப் பார்ப்பதால், அதன் திசையுணரி மனம்போனபடி எழுதிவைக்கும். ஒரே தொகுப்பில் பத்துப் படம் நிமிர்ந்தும் பத்துப் படம் தலைகீழாகவும் நிற்பது அதனால்தான்.

பேசாத கோளாறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2013 ஆகஸ்டில் ஒரு சான்று கிடைத்தது. ஜெர்மானியக் கணினியாளர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நிறுவனத்தின் சில ஸ்கேனர்கள் ஆவணத்தில் 6ஐ 8 ஆக மாற்றுவதைக் கண்டுபிடித்தார். ஜேபிக்2 என்ற சுருக்கமுறை ஒத்த உருவங்களை ஒன்றாக எண்ணி ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்துவிட்டது. எழுத்து தெளிவாகவே இருந்தது. எண்தான் வேறு.

எங்கிருந்து தொடங்குவது

கோளாறு வந்ததும் முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன்: எதையும் சேமிக்காதீர்கள். மூலக்கோப்பைத் தனியே நகலெடுத்துப் பூட்டிவைத்துவிட்டு நகலில் வேலை செய்ய வேண்டும். பதற்றத்தில் ‘சேவ்’ அழுத்தியதால் அழிந்த புரொஃபைல்களும் அடுக்குகளும் மீள்வதில்லை.

பிறகு, கோப்பு முழுதாக வந்ததா என்று பார்க்க வேண்டும். படத்தின் கீழ்ப்பாதி மட்டும் சாம்பலாக இருந்தால் அது பாதியில் நின்ற இறக்கம். எந்த மாற்றியும் அதைக் காப்பாற்றாது. அனுப்பியவரிடம் எஸ்எச்ஏ-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கேட்டு ஒப்பிட்டால் வழியில் சிதைந்ததா, மூலத்திலேயே சிதைந்ததா என்று உடனே தெரியும். அடுத்து, முதல் பைட்டுகள். லினக்ஸிலும் மேக்கிலும் ‘ஃபைல்’ என்ற ஒற்றைக் கட்டளை போதும். விண்டோஸில் இர்ஃபான்வியூ, பின்னொட்டு தவறாக இருந்தால் தானே கண்டுபிடித்து மாற்றட்டுமா என்று கேட்கும். ஆயிரக்கணக்கான கோப்புகள் இருக்கும் காப்பகத்துக்குப் பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகம் 2002இல் தொடங்கிய ப்ரோனம் பதிவேடும், அதைக் கொண்டு வடிவத்தை அடையாளம் காணும் டிராய்டு என்ற கருவியும், வடிவ விதிப்படி எழுதியிருக்கிறதா என்று சோதிக்கும் ஜோவ் நிரலும் இலவசமாகவே கிடைக்கின்றன. இவற்றைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும். தெரியாமல் இழப்பது ஒரு தொகுப்பு.

அடையாளம் தெரிந்தபின் உள்விவரம். எக்ஸிஃப்டூல் அல்லது இமேஜ்மேஜிக் கொண்டு சுருக்கமுறை, பிட் ஆழம், நிறமுறை, புரொஃபைல், திசை, பிக்சல் அளவு இவற்றைப் படிக்கலாம். டிஃப் திறக்காவிட்டால் நான் முதலில் சந்தேகிப்பது சுருக்கமுறையை. நிறம் தப்பினால் புரொஃபைலை. பிஎஸ்டி கோப்பு வேறு நிரலில் வெற்றாகத் தெரிந்தால், சேமித்தபோது ஃபோட்டோஷாப்பின் பொருத்த விருப்பத்தை அணைத்திருப்பார்கள். அடுக்குகளைச் சேர்த்த முழுப்படம் உள்ளே எழுதப்படவில்லை. இதை மாற்ற அந்த மூல நிரலுக்கே திரும்பிப் போவதைத் தவிர வேறு வழியில்லை.

மாற்றும்போது இழப்பில்லா வடிவத்துக்கே மாற்ற வேண்டும்: சுருக்கமில்லா டிஃப் அல்லது பிஎன்ஜி. மாற்றிய பிறகு மூலத்தையும் நகலையும் பிக்சல் பிக்சலாக ஒப்பிட வேண்டும். இமேஜ்மேஜிக்கில் அதற்கும் கட்டளை இருக்கிறது. நம்மவர்கள் அநேகமாக எப்போதும் தவிர்த்துவிடும் படி இதுதான். இதைச் செய்யாத வரை, கோளாறு தீர்ந்தது என்பது வெறும் ஊகம்.

எதில் வைப்பது

காப்பகங்களிடையே இன்னும் தீராத வாதம் ஒன்று உண்டு. லண்டனின் வெல்கம் நூலகமும் நெதர்லாந்தின் தேசிய நூலகமும் 2000இல் தரம்பெற்ற ஜேபெக் 2000 வடிவத்தைத் தேர்ந்தன. இடம் மிச்சம், இழப்பில்லாமலும் சுருக்கலாம். ஆனால் முக்கிய உலாவிகளில் சஃபாரி மட்டுமே அதைத் தழுவியது, நிரல்களும் குறைவு. மறுபக்கம், சேமிப்புச் செலவு எவ்வளவானாலும் சுருக்கமில்லா டிஃப் என்பவர்கள். நான் இவர்கள் பக்கம். காளிகாட்டின் லண்டன் தொகுப்பு முழுவதையும் முன்சொன்ன 600 புள்ளி, 16 பிட் தரத்தில் வைத்தாலும் 260 ஜிபிதான் ஆகும். இன்று அது ஒரு சிறிய வன்தட்டின் மூலை. இடத்தை மிச்சம் பிடிக்கப்போய், இருபது ஆண்டு கழித்துப் படிக்க ஆள் தேடுவது நம் நிறுவனங்களின் வசதிக்குக் கட்டுப்படியாகாது. கோடாக் 1992இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபோட்டோ சிடி அந்நாளில் மிக உயர்ந்த தரம். பின்னாளில் ஃபோட்டோஷாப்பே அதைப் படிப்பதை விட்டுவிட்டது.

காட்டுவதற்கு இன்று ஒரு நல்ல வழி இருக்கிறது. 2011இல் பிரிட்டிஷ் நூலகம், ஸ்டான்ஃபோர்டு முதலிய நிறுவனங்கள் தொடங்கிய ட்ரிபிள்-ஐ-எஃப் என்ற பொதுவிதியின்படி, மூலக்கோப்பு எந்த வடிவத்தில் இருந்தாலும், பார்ப்பவர் கேட்கும் பகுதியை, கேட்கும் அளவில், அவருடைய உலாவி அறிந்த வடிவத்தில் சேவையகமே செய்து தரும். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் தன் படங்களை இப்படித் தருகிறது. இந்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் கீழுள்ள அருங்காட்சியகங்களுக்குப் புனே சி-டாக் உருவாக்கிய ஜதன் மென்பொருளும், 2014இல் வந்த பொது இணையவாசலும் இருக்கின்றன. இந்தியன் மியூசியமும் விக்டோரியா மெமோரியலும் அதில் உண்டு. அவையும் இதே பொதுவிதியில் வந்தால், காளிகாட்டின் ஒரே பூனையை இரு நகரங்களின் தாள்களிலிருந்து ஒரே திரையில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம். அதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

இதெல்லாம் பழைய தாள்களுக்கு மட்டுமான கவலை இல்லை. கலாம் பட்டுவா, அன்வர் சித்ரகார் போன்றவர்கள் காளிகாட் பாணியில் இன்றும் வரைகிறார்கள். பிங்களா பக்கம் நயா கிராமத்துச் சித்ரகார் குடும்பங்கள் கைபேசியில் படமெடுத்து வாங்குவோருக்கு அனுப்புகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கி, மறுபடி ஜேபெக்காகி, எக்ஸிஃப் குறிப்பும் கழன்று போகும். ‘டாக்குமென்ட்’ என்ற வழியில் அனுப்பினால் எடுத்தபடியே போகும். ஐஃபோன் வைத்திருப்பவர் கேமரா அமைப்பில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வடிவத்தைத் தேர்ந்துவைத்தால் ஹெய்க் தொல்லையும் இல்லை. படத்தின் ஓரத்தில் ஒரு நிற அட்டையையும் அளவுகோலையும் சேர்த்து எடுத்தால், வாங்குபவரின் திரை என்ன செய்தது என்பதை அந்த அட்டையை வைத்தே கண்டுபிடிக்கலாம். அச்சிடுவதாக இருந்தால் முதல் தாளை ஓவியத்தின் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் ஓவியர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் மீதியை ஓட்ட வேண்டும்.